யான் டெ ஹார்டோக்கும் இழுவைக் கயிறும்

நடுக்கடலில் எஞ்சின் செத்துக் கிடக்கும் ஒரு சரக்குக் கப்பலைக் கரைக்கு இழுத்து வந்து சேர்த்தால் கூலி உண்டு. கப்பலின் மதிப்பு, சரக்கின் மதிப்பு, மீட்டவர் ஏற்ற ஆபத்து ஆகியவற்றைப் பார்த்து நடுவர் ஒரு தொகையைத் தீர்மானிப்பார். வழியில் அது மூழ்கிவிட்டால் கால்காசு பெயராது. எரித்த நிலக்கரியும் அறுந்த கயிறும் மீட்கப் போனவரின் நட்டம். பலன் இல்லையேல் பணம் இல்லை என்ற இந்த விதி, லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸில் 1908இல் வந்த ஒப்பந்தப் படிவத்தின் அடிப்படை. ஆனால் அதே கப்பலில் தத்தளிக்கும் மனிதர்களைத் தூக்கி எடுத்தால் அவர்களிடம் ஒரு பைசா கேட்க முடியாது. 1910ஆம் ஆண்டின் பிரசல்ஸ் ஒப்பந்தப்படி, தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரும் ஆபத்து வராத வரை, கடலில் சாகக் கிடப்பவரைக் காப்பது எந்தக் கேப்டனுக்கும் கடமை. காப்பாற்றப்பட்டவர் அதற்காகக் கடன்பட்டவர் ஆகமாட்டார்.

பொருளுக்கு விலை உண்டு, உயிருக்கு இல்லை. இரண்டையும் ஒரே கயிற்றால் இழுக்க வேண்டிய தொழில் ஒன்று உண்டென்றால் அது ஆழ்கடல் டக் எனப்படும் இழுவைக் கப்பல் தொழில்தான். டச்சு நாவலாசிரியர் யான் டெ ஹார்டோக் எழுதியவற்றில் உருப்படியானவை எல்லாம் இந்த முரணுக்குள்ளேதான் நடக்கின்றன. புயல், தனிமை, முடிவில்லாத அடிவானம் என்று கடலைப் பற்றித் தத்துவம் பேசும் நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இவர் கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம். இவருடைய கடலில் முதலில் வருவது சம்பளப் பட்டியல். அதற்கடுத்தது கயிற்றின் தடிமன். மனசாட்சி மூன்றாவதாகத்தான் வரும், ஆனால் வந்தால் லேசில் போகாது.

1914 ஏப்ரல் 22 அன்று ஹார்லெம் நகரில் பிறந்தார். அப்பா ஆர்னல்ட் ஹென்ட்ரிக் டெ ஹார்டோக் கால்வினியப் போதகர், பின்னாளில் இறையியல் பேராசிரியர். அம்மா இடைக்கால ஞானியரைப் பற்றி உரையாற்றியவர், போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பக்கம் சாய்ந்தவர். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பத்துப் பதினொரு வயதில் பையன் ஓடிப்போய் ஸைடர்ஸே என்ற டச்சு உள்கடலின் மீன்பிடிப் படகொன்றில் எடுபிடியாகச் சேர்ந்தான். அப்பா பிடித்து வந்தார், மறுபடி ஓடினான். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் கடற்பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி அள்ளும் வேலை, நாடகக் கொட்டகை, டக்குகளில் இளநிலை மேட் (கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரி) என்று அலைந்த காலத்தில் எஃப். ஆர். எக்மார் என்ற புனைபெயரில் ஆம்ஸ்டர்டாம் துறைமுகக் காவல்துறையை வைத்துத் துப்பறியும் கதைகள் எழுதினார். அந்தக் கதைகளை இன்று தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

டக்குகளில் அவர் பார்த்த வேலை என்ன என்று தெரியாமல் நாவல்களுக்குள் போனால் பாதி தவறிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம்.

உலகம் முழுக்கக் கப்பல் இழுத்தவர்கள் பலர் இருந்தாலும், ஆழ்கடல் இழுவையை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தவர்கள் டச்சுக்காரர்கள். ரோட்டர்டாமின் ஸ்மிட் நிறுவனம் 1842இல் தொடங்கியது. 1928இல் இங்கிலாந்தின் டைன் நதியில் கட்டிய, பழுதுபார்க்கக் கப்பல்களை ஏற்றி 50,000 டன் தூக்கும் மிதக்கும் டாக் ஒன்றைச் சூயஸ் வழியாக 8,000 மைலுக்கும் மேல் இழுத்துச் சிங்கப்பூரில் சேர்த்தது டச்சு டக்குகள்தான். 1933இல் அதே நிறுவனம் இறக்கிய ஸ்வார்ட்டே ஸே என்ற டக்குக்கு 4,200 குதிரைத்திறன். அன்றைக்கு உலகிலேயே பலமான இழுவைக் கப்பல். டெ ஹார்டோக் டக்குகளில் வேலை பார்த்ததும் இந்த முப்பதுகளில்தான்.

இப்படியொரு பயணத்தில் நான்கு அல்லது ஐந்து நாட் வேகம், அதாவது மணிக்கு நாலைந்து கடல் மைல், கிடைத்தால் நல்ல நாள். எதிர்க்காற்று பலத்தால் முழு வேகத்தில் எஞ்சின் ஓடியும் டக் பின்னால் போகும். மிதக்கும் டாக் என்பது இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர் எழுப்பிய ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. அதற்கு அணியம் என்ற முன்முனையும் இல்லை, அமரம் என்ற பின்முனையும் இல்லை. காற்று அந்தச் சுவரைப் பாயாக எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பொல்லாதது வாளித் தூர்வாரி. நடுவில் உயரமான இரும்புக் கோபுரம், அதன்மேல் சுற்றும் வாளிச் சங்கிலி, கீழே ஆழமில்லாத உடல். ஆற்றில் மண் அள்ளக் கட்டியதைப் பெருங்கடலுக்குக் கொண்டு வந்தால் எடையெல்லாம் மேலே இருக்கும். ஆகவே கிளம்பும் முன் வாளிகளைக் கழற்றி அடித்தளத்தில் அடுக்க வேண்டும். வாளி ஏணியைத் தூக்கிச் சங்கிலியால் இறுக்கிக் கட்ட வேண்டும். திறந்த கிணறு, சன்னல், கதவு எல்லாவற்றையும் பலகை அடித்து மூட வேண்டும். ஒரு பலகை பெயர்ந்து உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது பக்கத்துக்குப் பக்கம் ஓடும். ஒருமுறை சாய்ந்த தூர்வாரி நிமிராமல் அப்படியே கவிழும். அதற்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பதுதான் விஷயம். விளக்கு ஏற்ற, பம்ப் அடிக்க, கயிற்றைக் கவனிக்க என்று நாலைந்து பேர் இழுக்கப்படும் பொருளின் மேலேயே வாரக்கணக்கில் குடியிருப்பார்கள். அவர்களுக்கும் டக்குக்கும் இடையில் அரை கிலோமீட்டர் கயிறு. வானிலை கெட்டால் படகு இறக்க முடியாது.

அந்தக் கயிறுதான் தொழிலின் உயிர். நீராவிக் காலத்து டச்சு டக்கில் கம்பி வடமும் மணிலாக் கயிறும் சேர்த்துக் கட்டுவார்கள். மணிலாவின் சுற்றளவு 18 அங்குலம் வரை போகும்; நனைந்துவிட்டால் பத்துப் பேர் சேர்ந்தாலும் நகர்த்துவது பாடு. கம்பி எடையால் தொய்ந்து கடலுக்குள் ஒரு பெரிய வளைவாகத் தொங்கும். டக் முன்னால் பாயும்போது அந்த வளைவு நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மணிலா தன் பங்குக்கு நீளும். இலங்கையிலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் போன தேங்காய்நார்க் கயிற்றையும் ஐரோப்பியக் கப்பல்கள் இழுவைக்கு வைத்திருந்தன. அது மணிலாவின் நாலில் ஒரு பங்கு பலம்தான் தாங்கும், ஆனால் நன்றாக நீளும், தண்ணீரில் மிதக்கும். அதனால் செத்த கப்பலுக்கு முதல் கயிறாக மிதக்க விட்டு அனுப்ப ஏற்றது.

கயிற்றின் நீளத்தையும் அலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். டக் அலையின் உச்சியில் ஏறும்போது பின்னால் வருவதும் ஓர் உச்சியில் ஏற வேண்டும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் ஒவ்வொரு அலைக்கும் கயிறு விண்ணென்று விறைத்து நீரைவிட்டு வெளியே வரும். அப்படி வெளியே வந்தாலே கேப்டன் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் அறுந்துவிடும். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் கயிற்றைச் சுருக்க வேண்டும். இல்லையேல் வளைவு கடலடியில் உரசித் தேயும், பாறையில் மாட்டும். கப்பலின் பின்விளிம்பில் கயிறு படும் ஓரிடம் எப்போதும் தேய்ந்துகொண்டே இருக்கும். தோல், சாக்கு, மரக்கட்டை வைத்துக் கட்டி, கொழுப்புத் தடவி, சில மணி நேரத்துக்கொரு முறை ஓரிரு மீட்டர் கயிற்றை வெளியே விட்டுத் தேயும் இடத்தை மாற்றுவார்கள். இரவுக் காவலில் இதை ஒருவன் சோம்பலால் விட்டுவிட்டால், விடியும்போது பின்னால் ஒன்றும் இருக்காது.

இன்னொரு ஆபத்து டக்கையே விழுங்கக்கூடியது. இழுக்கும் கொக்கியைப் பின்முனையில் வைக்கமாட்டார்கள். கப்பலின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள். பின்முனையில் கட்டினால் அமரத்தை அசைக்க முடியாது. சுக்கான் பிடித்தாலும் டக் திரும்பாது. நடுவில் வைத்ததால் திரும்பும். ஆனால் அதற்கு விலை உண்டு. பின்னால் வருவது திடீரென்று பக்கவாட்டில் ஓடி முந்தினால், கயிறு டக்கின் இடுப்பில் குறுக்கே விழுந்து இழுக்கும். டக் படுத்துவிடும். திறந்திருக்கும் எஞ்சின் அறைக் கதவுக்குள் கடல் புகும். சில விநாடிகளில் முடிந்தது. கொக்கியைத் தட்டிவிடுவது ஒன்றே வழி. ஆனால் பழைய கொக்கிகள் முழு இழுப்பில் இருக்கும்போது திறக்க மறுக்கும். அதற்காகத்தான் பின்தளத்தில் கைக்கெட்டும் இடத்தில் கோடரி.

இந்த வேலைக்குக் கிடைத்த சம்பளம் மிகக் குறைவு. காற்று கெட்டால் டக்குகள் ஃபால்மவுத், அயர்லாந்தின் தென்கரை, அசோர்ஸ் போன்ற இடங்களில் நீராவியைத் தயாராக வைத்துக்கொண்டு ரேடியோவில் காது வைத்துக் காத்திருக்கும். ஆபத்துக் குரல் கேட்டதும் பந்தயம் தொடங்கும். முதலில் போய்ச் சேர்ந்து ஒப்பந்தத்துக்கு ஆம் என்று வாங்குபவருக்கே மீட்புக் கூலி. அதில் பெரும்பங்கு முதலாளிக்கு, சிறுதுளி ஆட்களுக்கு. அந்தச் சிறுதுளிக்காகத்தான் யாரும் போகத் துணியாத வானிலையில் அவர்கள் போனார்கள்.

1940இல் வெளிவந்த ஹாலண்ட்ஸ் குளோரி இந்த உலகத்தை முழுசாக உள்ளே எடுத்துக்கொண்ட நாவல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலம். யான் வாண்டலார் என்ற இளைஞன் டக்கில் மேட் ஆகிறான், கேப்டன் ஆகிறான், க்வெல் என்ற முதலாளியின் ஏகபோகத்தோடு மோதுகிறான். வீட்டில் மனைவி, கடலில் கணவன் என்ற நிலை இருவரையும் என்ன செய்கிறது என்பதும் அதில் உண்டு. நாவலின் நயம் மோதலில் இல்லை. வாண்டலாரால் அந்தத் தொழிலை வெறுக்க முடியவில்லை என்பதில் இருக்கிறது. தன்னைச் சுரண்டுபவனின் கப்பலைத் தன் சொந்தக் கப்பலைப் போலக் காப்பாற்றுகிறான். கயிறு அறுந்தால் முதலாளிக்கு நட்டம்தானே என்று அவனால் நினைக்க முடியாது. ஏனென்றால் கயிற்றின் மறுமுனையில் நாலு பேர் இருக்கிறார்கள். திறமையும் பெருமையும் ஒரு தொழிலாளியை எப்படி முதலாளிக்கே கட்டிப்போடுகின்றன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கடல் நாவல்கள் அதிகமில்லை.

அந்த ஆண்டு மே 10 அன்று ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்தது. நாவலில் நாஜிகள் கிடையாது, போர் கிடையாது, அரசியல் என்று பார்த்தால் தொழிற்சங்க அரசியல்தான். ஆனாலும் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த மக்கள் அதை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். எவனுக்கும் பணியாத டச்சு மாலுமி, திறந்த கடல், அட்டையிலேயே நாட்டின் பெருமை. அந்த நேரத்தில் வேறென்ன வேண்டும். புத்தகம் எதிர்ப்பின் அடையாளமாக மாறியதைக் கவனித்த ஆக்கிரமிப்பாளர்கள் அதைத் தடை செய்தார்கள். எழுத்தாளர் தலைமறைவானார். ஆம்ஸ்டர்டாமில் மூதாட்டிகள் தங்கும் இல்லமொன்றில் மூதாட்டி வேடத்தில் ஒளிந்திருந்து, 1943இல் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஒளிந்திருந்த காலத்தில் எழுதியது கடலோடு சம்பந்தமே இல்லாத ஒரு நாடகம்: ஒரு கட்டில், ஒரு கணவன், ஒரு மனைவி, முப்பத்தைந்து ஆண்டுத் தாம்பத்தியம். தி ஃபோர்போஸ்டர் என்ற பெயரில் 1951இல் பிராட்வேயில் ஏறி, அடுத்த ஆண்டு டோனி விருதையும் வாங்கியது. உலகெங்கும் அவருக்குச் சோறு போட்டது அந்த நாடகம்தான், டக்குகள் இல்லை.

லண்டனில் டச்சு வணிகக் கப்பல்களுக்கான போர்ச் செய்தியாளராக வேலை. அங்கே அவர் பார்த்தது இழுவைத் தொழிலின் கோரமான வடிவம். நீர்மூழ்கி அடித்துப் பாதி உடைந்த கப்பல்களை மீட்க டக்குகளை அனுப்பினார்கள். கயிறு மாட்டும் அரைமணி நேரம் டக் அசையாமல் நிற்க வேண்டும். மாட்டிய பின் மூன்று நாட் வேகத்தில் ஊர வேண்டும். இதைவிட எளிதான இலக்கு நீர்மூழ்கிக்குக் கிடைக்காது. அடித்த கப்பலின் பக்கத்திலேயே காத்திருந்தால் போதும், டக் தானாக வரும். டக்குகளிலோ ஆயுதம் மிகக் குறைவு.

இதிலிருந்து பிறந்த குறுநாவல்தான் ஸ்டெல்லா. டக் கேப்டன் ஒருவனிடம் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. அவன் திரும்பி வராவிட்டால் சாவி அடுத்த கேப்டனிடம் போக வேண்டும். அந்த வீட்டில் ஸ்டெல்லா இருக்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் மலிவான காதல் கதைக்குரிய ஏற்பாடு. ஆனால் இழுவைக் கயிறு கைமாறுவதுபோலவே சாவியும் கைமாறுகிறது என்று தெரிந்ததும் கதை வேறு எடையில் நிற்கிறது. 1958இல் கரோல் ரீட் இதை தி கீ என்ற படமாக எடுத்தார், ஸோஃபியா லோரனும் வில்லியம் ஹோல்டனும் நடித்தார்கள். ஸ்டெல்லா என்ற பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதையில் பெரிய ஓட்டை இருக்கிறது. அவளுக்கு அங்கே என்ன வேண்டும் என்பதை டெ ஹார்டோக் கேட்கவே இல்லை. இந்தக் குறை அவருடைய பல நாவல்களிலும் தொடர்கிறது.

1966இல் வந்த தி கேப்டன் அவருடைய உச்சம் என்பது என் முடிவு. மார்ட்டினஸ் ஹாரிங்ஸ்மா என்ற இளம் கேப்டன், இசபெல் க்வெல் என்ற மாபெரும் டக், ரஷ்யத் துறைமுகமான மூர்மான்ஸ்க் செல்லும் கான்வாய், அதாவது போர்க்கப்பல் காவலோடு போகும் வணிகக் கப்பல் கூட்டம். பின்னணியைத் தெரிந்துகொள்ள பிக்யூ 17 என்ற நிஜக் கான்வாயை நினைத்துக்கொண்டால் போதும். 1942 ஜூலையில், ஜெர்மன் போர்க்கப்பல்கள் வருவதாக நினைத்து லண்டன் கடற்படைத் தலைமை கான்வாயைக் கலைந்து போகச் சொன்னது. காவல் கப்பல்கள் விலகின. வணிகக் கப்பல்கள் தனித்தனியாகப் போயின. கிளம்பிய 35இல் மொத்தம் 24 மூழ்கின. நாவலில் ஹாரிங்ஸ்மாவின் நிலை இதுதான்: அவனுடைய கப்பல் மீட்பதற்காகக் கட்டப்பட்டது, மேலிடமோ அதில் பீரங்கியை ஏற்றுகிறது. கான்வாயின் சட்டப்படி மூழ்கும் கப்பலுக்காக நிற்கக் கூடாது; கடலின் சட்டப்படி நின்றாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதைப் பக்கம் பக்கமாக, நடைமுறை விவரங்களோடு எழுதுகிறார். பனி தளத்தில் உறைந்து எடை கூடுவது, அதை மரச்சம்மட்டியால் உடைத்துத் தள்ளாவிட்டால் கப்பல் தலைகீழாகும் என்ற பயம், தூக்கமில்லாத ஆட்களின் சில்லறைச் சண்டைகள். அவர்களை ஒரு கேப்டனாக எப்படி நடத்துவது என்று தெரியாத அவனுடைய தடுமாற்றம் ஆர்க்டிக் கடலைவிட அதிகப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. அது சரியான விகிதம்தான்.

ஹாரிங்ஸ்மா இறுதியில் ஆயுதத்தை ஏற்க மறுக்கும் இடத்துக்கு வருகிறான். டெ ஹார்டோக் குவேக்கர் ஆனவர் என்பதால் இது கொள்கைப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நாவலுக்குள் அந்த முடிவு கொள்கையிலிருந்து வரவில்லை. காப்பாற்றுவதற்காகக் கட்டிய கப்பலில் கொல்வதற்கான கருவியை ஏற்றினால் இரண்டு வேலையும் கெட்டுப்போகும் என்ற தொழிலாளியின் எரிச்சலிலிருந்து வருகிறது. அதனால்தான் நம்ப முடிகிறது.

போர் முடிந்தபோது மேடையேறிய அவருடைய நாடகம் ஸ்கிப்பர் நெக்ஸ்ட் டு காட். கதை நடப்பது 1938இல். ஐரோப்பாவிலிருந்து தப்பிய யூத அகதிகளோடு ஒரு பழைய கப்பல் அமெரிக்கக் கண்டத்துக்கு வருகிறது. எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. கேப்டன் யோரிஸ் குய்பர் பைபிளைத் தவிர வேறெதையும் அதிகம் படிக்காத, பிடிவாதக்காரக் கால்வினியர். இப்படியொரு சம்பவம் நிஜத்தில் 1939இல் நடந்தது: 937 பயணிகளோடு கிளம்பிய செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் ஹவானாவிலும் அமெரிக்காவிலும் மறுக்கப்பட்டு, அவர்களில் பெரும்பாலோரோடு ஐரோப்பாவுக்கே திரும்பியது. நாடகத்தின் தீர்வு மேலே சொன்ன 1910 ஒப்பந்தத்தைத் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். குய்பர் தன் கப்பலை ஒரு பாய்மரப் படகுப் பந்தயத்தின் நடுவே கொண்டு போய் மூழ்கடிக்கிறார். குடியேற்றச் சட்டத்தின்படி அகதியை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரில் மிதப்பவனை எடுக்க மறுக்க எந்தப் படகுக்காரராலும் முடியாது. அகதிகளை அவர் கப்பலுடைந்தவர்களாக மாற்றிவிடுகிறார். கப்பல் என்ற விலையுள்ள பொருளைக் கொடுத்து, விலையில்லாத உயிர்களை வேறொரு சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறார். 1980களில் இதே கருவை ஸ்டார் ஆஃப் பீஸ் என்ற நாவலாகவும் எழுதினார். நாவலைவிட நாடகம் இறுக்கமானது. இன்று மத்தியதரைக் கடலில் அகதிப் படகுகளைப் பற்றி நடக்கும் வழக்குகளைப் படிப்பவர்கள் இந்த நாடகத்தை ஒருமுறை புரட்ட வேண்டும்.

மீன்பிடிப் படகில் எடுபிடியாக இருந்த காலத்துக்கு 1951இல் தி லாஸ்ட் ஸீ என்ற சிறிய நூலில் திரும்பினார். தொலைந்த அந்தக் கடல் ஸைடர்ஸே. 1932 மே 28 அன்று 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லூட்டைக் அணையின் கடைசி இடைவெளியை அடைத்ததும், உப்புக்கடல் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் ஏரியானது. ஹெரிங், நெத்திலி எல்லாம் போயின. ஊர்க், ஃபோலன்டாம், மார்கன் ஊர்களின் மீனவர்கள் தொழிலை விட வேண்டியதாயிற்று. அவர்களுடைய போட்டர் படகு ஓக் மரத்தால் ஆனது, தட்டையான அடி, முன்பக்கம் உயர்ந்து வளைந்திருக்கும். அடியில் கட்டை இல்லாததால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். அதைத் தடுக்க இருபுறமும் துடுப்பு வடிவத்தில் பெரிய பலகை தொங்கும். காற்று அடிக்காத பக்கத்துப் பலகையை மட்டும் தண்ணீரில் இறக்குவார்கள். படகை மறுபக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்க வேண்டும். படகின் நடுவில் துளையிட்ட ஒரு நீர்த்தொட்டி. அதில் மீன் உயிரோடு வரும். இரண்டு ஆள், ஒரு பையன் போதும். பையனுக்கு வேலை, சமைப்பதிலிருந்து உதை வாங்குவது வரை எல்லாம். டெ ஹார்டோக் இந்த நூலில் அழகைப் பாடவில்லை. பசி, மதவெறி, ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்குமான பகை எல்லாம் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஓர் அணை கட்டியதால் ஒரு மொத்த வாழ்க்கைமுறை எப்படிப் போனது என்பது அதில் பதிவாகியிருக்கிறது.

கடலை அடைத்தவர்களைக் கடல் விட்டுவைக்கவில்லை. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் தென்மேற்கு நெதர்லாந்தின் அணைகளை உடைத்தது. 1,836 பேர் இறந்தார்கள். டெ ஹார்டோக் அப்போது தன் ரைவல் என்ற பழைய டச்சுக் கப்பலில்தான் குடியிருந்தார். அதை மிதக்கும் மருத்துவமனையாக்கிக்கொண்டு வெள்ளப் பகுதிக்குப் போனார். அந்த ஆண்டே வெளிவந்த தி லிட்டில் ஆர்க் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் இரண்டு குழந்தைகளின் கதை. மனதைப் பிசையும் இடங்கள் உண்டு, சில இடங்களில் அளவுக்கு மீறியும் பிசைகிறது.

போருக்குப் பிறகு அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார், அமெரிக்காவில் குடியேறினார். டச்சு இலக்கிய வட்டாரம் அவரை வெகுஜன எழுத்தாளர் என்ற பெட்டியில் போட்டுவிட்டது. கொஞ்சம் நியாயமும் உண்டு: சம்பவத்தை ஓட்டத் தெரிந்தவர், ஆனால் மொழியைப் புதிதாகச் செய்தவர் இல்லை. ரைவலை அமெரிக்காவுக்கும் கொண்டுவந்து, ஹூஸ்டனிலிருந்து நான்டக்கெட் வரை போன பயணத்தை 1961இல் நூலாக்கினார். ஹூஸ்டனில் ஏழைகளுக்கான பொது மருத்துவமனையில் மனைவி மார்ஜரியோடு தன்னார்வலராக வேலை பார்த்து, அதன் சீர்கேட்டை 1964இல் தி ஹாஸ்பிட்டல் என்ற நூலில் போட்டு உடைத்தார். ஊரில் பலருக்கு ஆத்திரம். ஆனால் அடுத்த ஆண்டே மருத்துவமனைக்கென்று தனி வரி மாவட்டம் அமைக்க மக்கள் வாக்களித்தார்கள். டக் கேப்டன்களைப் பற்றி எழுதியவர் மருத்துவமனைக் கழிவுத்தட்டைப் பற்றியும் அதே குரலில் எழுதினார்: இன்னது இல்லை, அதனால் இன்னது நடக்கிறது, இத்தனை பேர் சாகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த தி பீஸபிள் கிங்டம் குவேக்கர் வரலாற்றைப் பற்றிய பெரிய நாவல். அதைப் பாராட்டுபவர்கள் ஏராளம். எனக்கு அதில் மூச்சு முட்டுகிறது. நல்லவர்கள் கூடிப் பேசும்போது அவருடைய வாக்கியங்கள் தொய்கின்றன. தொய்வை நிமிர்த்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு கனம் வேண்டும். அறத்தை நேராகச் சொல்லத் தொடங்கியதும் அந்தக் கனம் காணாமல் போய்விடுகிறது.

அவர் 2002 செப்டம்பர் 22 அன்று ஹூஸ்டனில் 88 வயதில் இறந்தார். அஸ்தியைக் கடலுக்குக் கொண்டு போனது ஓர் ஆழ்கடல் டக்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், முதலில் ஏ ஸெய்லர்ஸ் லைஃப். 1955இல் வந்த சின்னச் சின்னக் கட்டுரைகள். கேப்டன், மேட், சமையல்காரர், எஞ்சினியர் என்று கப்பலின் மனிதர்களும் பழக்கவழக்கங்களும். சிரிக்க வைக்கும், நாவல்களுக்குத் தேவையான தொழிலறிவும் வந்துவிடும். அடுத்து தி கேப்டன். அது பிடித்தால் ஹாலண்ட்ஸ் குளோரி. ஆங்கிலத்தில் கேப்டன் யான் என்ற பெயரில் 1947இல் வந்தது, பழைய புத்தகக் கடைகளில்தான் தேட வேண்டும். ஸ்டெல்லாவைத் தனியாகத் தேடுபவர்கள் 1952இல் வந்த தி டிஸ்டன்ட் ஷோர் என்ற நூலைப் பார்க்கலாம், அதன் முதல் பகுதி அதுதான். ஹாரிங்ஸ்மா மீண்டும் வரும் தி கமோடோர், தி சென்ச்சூரியன், தி அவுட்டர் பாய் மூன்றும் ஆசிரியரின் எழுபது, எண்பது வயதுகளில் எழுதியவை. கமோடோரில் கிழக் கேப்டனின் அலுப்பும் குசும்பும் நன்றாக வந்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் அமானுஷ்யம் அதிகம், கப்பல் வேலை குறைவு. கேப்டனை நேசித்தவர்கள் மட்டும் அவற்றுக்குப் போகலாம். மற்றவர்கள் கமோடோரோடு நிறுத்திக்கொள்ளலாம்.